எதிர்பாராத செலவு: 3,000 ரூபாய்

தைப்பூசத்துக்கு முன்னால்தான் குளியலறைக் கூரைக்கு வெள்ளை அடித்தோம். பங்குனி முடிவதற்குள் மூலையில் கறுப்புப் புள்ளிகள். சித்திரையில் பாதிக் கூரை பூஞ்சை. மொரீசியஸின் கியூர்பிப்பில் இதெல்லாம் ஒரு செய்தியே அல்ல. கடல் மட்டத்துக்கு மேலே 550 மீட்டரில் உட்கார்ந்துகொண்டு, போகிற மேகத்தையெல்லாம் வழிமறித்து நலம் விசாரிக்கிற ஊர் இது. எங்களுக்கு இரண்டே பருவங்கள்தாம், சின்ன மழைக்காலமும் பெரிய மழைக்காலமும் என்று கடற்கரை ஊர்க்காரர்கள் கேலி செய்வார்கள். அவர்கள் வீட்டில் துண்டு உலர்கிறது. பேசட்டும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தே தீர வேண்டும் என்று இவரிடம் சொன்னேன். “பார்க்கலாம்” என்றார். இவருடைய “பார்க்கலாம்” எத்தனை வருஷம் தாங்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? சமையலறை அலமாரிக் கதவு இன்னும் கயிற்றின் தயவில்தான் நிற்கிறது. ஆகையால் நானே ஆளை வரவழைத்தேன்.

வந்தவர் அளந்தார், தட்டினார், சுவரில் காதை வைத்துக் கேட்டார். மறுநாள் கொட்டேஷன் வந்தது. 150 மில்லிமீட்டர் ஃபேன் 4,800. குழாய், எல்போ, வெளிப்பக்க மூடி 2,700. சுவரில் துளை 4,500. வயரிங், சுவிட்ச் 3,500. எதிர்பாராத செலவு 3,000. ஆக மொத்தம் 18,500 ரூபாய். அடியில் பொடி எழுத்தில், “பில் வேண்டுமானால் 15 சதவீதம் வாட் தனி.”

மற்றதையெல்லாம் மன்னித்துவிடலாம். எதிர்பாராத செலவு மிகச் சரியாக 3,000 ரூபாய் என்று ஒரு மனிதர் எப்படி எதிர்பார்த்தார்? சோதிடம் படித்தவர் எதற்காகச் சுவர் துளைக்க வருகிறார்?

தாள் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. இனி அது குடும்பச் சொத்து. ரோஸ் ஹில் அண்ணிக்குப் படம் போய்ச் சேர்ந்து இரண்டு நிமிஷத்தில் தொலைபேசி அலறியது. “ஏமாந்துவிட்டாய். எங்கள் வீட்டில் 6,000-க்கு முடித்தோம்.” முடித்த விதத்தை நான் பார்த்திருக்கிறேன். கண்ணாடிப் பட்டைகளை அடுக்கிய நாக்கோ ஜன்னலில் மூன்று கண்ணாடியை உருவிவிட்டு, அந்த இடத்தில் பிளைவுட் பலகையை அடைத்து, அதில் ஃபேனைச் செருகியிருந்தான் அவர்கள் பிடித்த ஆள். மூன்றாம் எண் புயல் எச்சரிக்கை வந்த இரவில் அண்ணன் அந்தப் பலகையை விடிய விடியத் தோளால் முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றார். அண்ணனுடைய கூலியை அண்ணி கணக்கில் சேர்க்கவில்லை.

பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் இருக்கும் சித்தி மகளோ வேறு ராகம். அங்கே 400 யூரோவுக்குக் குறைந்து எவனும் ஏணியையே தொடமாட்டானாம். அதை அவளே ரூபாயாக்கி, “20,000-க்கு மேல், தெரியுமா” என்று பெருமையாகச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர்தான் அடிப்படையையே அசைத்தார். “உள்ளே இருக்கிற ஈரத்தை வெளியே தள்ளிவிட்டு, வெளியே இருக்கிற ஈரத்தை உள்ளே வாங்கப் போகிறீர்கள். அதற்கு 18,500 ரூபாயா?”

இரண்டு நாள் எனக்கு இதற்குப் பதில் கிடைக்கவில்லை. சின்னவன்தான் சொன்னான். வெந்நீரில் குளித்து முடித்ததும் உள்ளே இருக்கும் 30 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டருக்கு 30 கிராம் வரை தண்ணீரைச் சுமக்குமாம். வெளியே 17 டிகிரியில், மழையே பெய்துகொண்டிருந்தாலும், காற்றால் 15 கிராமைக்கூடத் தாங்க முடியாதாம். ஆகவே கியூர்பிப்பின் ஈரத்தை உள்ளே வாங்கினாலும் லாபம்தான். இந்த ஊர்க் காற்றை ஒருவன் புகழ்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அதோடு நிற்கவில்லை அவன். அறையின் நீளம் இரண்டு மீட்டர், அகலம் இரண்டு, உயரம் இரண்டரை. பத்துக் கன மீட்டர். மணிக்கு எட்டு, ஒன்பது முறை காற்று மாறினால் போதும். ஹார்ட்வேர் கடையில் இருக்கும் 100 மில்லிமீட்டர் ஃபேனே மணிக்கு 90 கன மீட்டர் இழுக்கும் என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கிறது. கொட்டேஷன்காரர் எழுதிக் கொடுத்த 150 மில்லிமீட்டரை மாட்டினால் சோப்பு தானே நடந்து வெளியே போய்விடும். கதவின் அடியில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் ஃபேன் எதை இழுக்கும் என்றும் கேட்டான். அது தாளில் இல்லவே இல்லை.

ஆக, ஃபேனும் சிறிது, குழாயும் சிறிது, துளையும் சிறிது. துளைக்கு 3,000 போதும் என்று பென்சிலால் திருத்தினேன். அங்கேதான் இந்த வீட்டைக் கட்டிய மாமா தலைநிமிர்ந்தார்.

“அந்த 4,500-இல் கை வைக்காதே.”

மாமாவின் சுவர்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலண்டர் மாட்ட ஆணி அடிக்கப் போய் மூன்று சுத்தியல் பிடியை உடைத்த வீடு இது. ஊரார் உள்ளே பொந்துள்ள கட்டடக் கற்களின் பொந்தைப் பொந்தாகவே விட்டுக் கட்டியபோது, மாமா ஒவ்வொன்றிலும் கம்பி இறக்கிக் கான்கிரீட் ஊற்றினார். அதைத் துளைக்க ஒருவன் 4,500 கேட்கிறான் என்பது அவருக்கு யாரும் போடாத பொன்னாடை. வந்தவனிடம், “இந்தச் சுவருக்கு இது கொஞ்சம் குறைவுதான்” என்று சொல்லியும் வைத்திருக்கிறார்! பேரம் பேசுகிற வீட்டில் இப்படி ஒரு ஆள்.

1960 பிப்ரவரிக் கடைசியில் கரோல் புயல் வந்தபோது மாமா பள்ளிக்கூடச் சிறுவன். காற்று மணிக்கு 256 கிலோமீட்டர் என்பதை இன்றைக்கும் சந்தைக் கணக்குச் சொல்கிற மாதிரி சொல்வார். தகரக் கூரை போனது, மரச் சுவர் போனது. பிறகு புயலின் கண் தீவுக்கு மேலே வந்தபோது காற்று அப்படியே நின்றதாம். முடிந்துவிட்டது என்று எல்லோரும் வெளியே வந்தார்களாம். அவருடைய அம்மா சிதறிய பாத்திரங்களைப் பொறுக்கப் போனாராம். அப்புறம் காற்று எதிர்த் திசையிலிருந்து திரும்பி வந்தது. அதற்கு மேல் அவர் சொல்வதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

4,500-ஐ விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை அந்த ஆள் பேரத்துக்கு வந்தார். ஃபேன் 2,900-க்கு இறங்கியது. குழாய் 1,800. நான் வெற்றி முகத்தோடு எதிர்பாராததை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, அவர் குளியலறைக்குள் மறுபடி எட்டிப் பார்த்துவிட்டு, “மதாம், இந்த கேஸ் கீசர் இங்கேயேவா இருக்கப் போகிறது?” என்றார்.

எங்கே போகும்? அது அங்கேதானே எப்போதும் இருக்கிறது.

“அப்படியானால் நான் ஃபேன் மாட்டமாட்டேன்” என்றார். மூடிய அறையில் ஃபேன் காற்றை இழுக்கும்போது, கீசரின் புகைக்குழாய் வழியாக வெளியே போக வேண்டிய புகை உள்ளே திரும்புமாம். அதில் கார்பன் மோனாக்சைடு இருந்தால் நிறமும் தெரியாது, மணமும் தெரியாது. குளிக்கப் போனவர் அப்படியே விழுந்துவிடுவார். கீசரை வெளிச் சுவருக்கு மாற்ற 5,000. கேஸ் வேலைக்கு அவருடைய மச்சான் வருவான்.

மச்சான் என்றதும் எனக்குச் சந்தேகம் வந்தது என்னவோ உண்மை. ஆனால் அண்ணி வீட்டிலும் கீசர் குளியலறைக்குள்தான். அந்த 6,000 ரூபாய் ஆள் இதைக் கேட்டதே இல்லை. அன்று மாலையே அண்ணனைக் கூப்பிட்டு, கீசரை மாற்றும் வரை கதவைத் திறந்துவைத்து வாளியில் வெந்நீர் பிடித்துக் குளியுங்கள் என்று சத்தம் போட்டேன்.

எதிர்பாராத செலவை மட்டும் அவர் முழுதாக விட்டுக்கொடுக்கவில்லை. தொழில் தர்மமாம். இழுபறியில் 800-க்கு வந்து நின்றார். 2,900, 1,800, 4,500, 3,500, 5,000, 800. கூட்டிப் பாருங்கள். நான் இவர் முன்னாலேயே கூட்டினேன், 18,500. இவர் சிரித்த சிரிப்பில் அலமாரிக் கதவு கயிற்றை அறுத்துக்கொண்டு விழுந்தது.

இரவு அண்ணி கேட்டாள், கடைசியில் எவ்வளவுக்கு முடித்தாய் என்று. 9,000 என்றேன். ஒரு கணம் பேச்சில்லை. பிறகு, “அந்த ஆளின் நம்பரை அனுப்பு” என்றாள். அவர் அங்கே போவதற்குள் அவரிடம் நான் தனியாகப் பேசி வைக்க வேண்டும். அதற்கு எவ்வளவு கேட்பாரோ.