55 மைலில் இருந்து 184 மைலுக்கு: பர்ட் மன்றோவின் இந்தியன் ஸ்கவுட்

1920-ஆம் வருடத்து இந்தியன் ஸ்கவுட்: அமெரிக்காவின் இந்தியன் நிறுவனத்து மோட்டார்சைக்கிள், 600 சிசி, இரண்டு சிலிண்டர்கள் V வடிவில் நிற்கும் வி-ட்வின் எஞ்சின். அயர்லாந்துக்காரரான சார்லஸ் ஃபிராங்க்ளின் வடிவமைத்த வண்டி. அந்தக் காலத்துக்கு நல்ல உறுதியான வண்டிதான். ஆனால் முழுக்க முறுக்கினாலும் மணிக்கு 55 மைல், அதாவது 88 கிலோமீட்டரைத் தாண்டாது. நியூசிலாந்தின் தென்கோடியில் உள்ள இன்வெர்கார்கில் ஊரில் பர்ட் மன்றோ வாங்கிய வண்டியின் எஞ்சின் எண் 50ஆர்627. 1967 ஆகஸ்டில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து பான்வில் உப்புவெளியில், அதே வண்டி மணிக்கு 184 மைலைத் தொட்டது. அப்போது வண்டிக்கு 47 வயது, ஓட்டியவருக்கு 68.

வயதைச் சொல்லி வியந்துவிட்டு நிறுத்திக்கொள்வதுதான் வழக்கம். இந்த வண்டியைப் புரிந்துகொள்ள அதைவிட உதவும் எண் ஒன்று உண்டு: 37. காற்றைக் கிழித்துப் போகத் தேவையான சக்தி, வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். 55-இல் இருந்து 184 என்றால் வேகம் 3.35 மடங்கு, அதே உருவத்தோடு ஓட்டினால் சக்தி ஏறக்குறைய 37 மடங்கு வேண்டும். எஞ்சினின் கொள்ளளவோ 600-இல் இருந்து 950 சிசிக்குத்தான் வளர்ந்தது. மிச்சத்தை இரண்டு பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும்: எஞ்சினை வேகமாகச் சுற்ற வைத்து நன்றாக மூச்சுவிட வைப்பது, காற்றுத்தடையைக் குறைப்பது.

முதலில் மூச்சு. ஸ்கவுட்டில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கும். பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை வளைந்து நெளிந்து உள்ளே போக வேண்டும்; எரியறையும் அகன்று கிடப்பதால் அமுக்க விகிதத்தை, அதாவது கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறோம் என்பதை, இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. மன்றோ வால்வுகளை சிலிண்டரின் தலைக்குக் கொண்டுபோனார். வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் கேம்கள் நான்கு கொண்ட அமைப்பைச் சொந்தமாகச் செய்தார். அதோடு தொல்லை தீரவில்லை, இடம் மாறியது. சக்தி கூடும்போதெல்லாம் அடுத்த பலவீனமான பாகம் உடையும். உடைந்தவற்றை அலமாரியில் அடுக்கி, 'வேகத் தெய்வத்துக்குக் காணிக்கை' என்று எழுதி வைத்திருந்தார்.

அந்த அலமாரியில் நிறைய பிஸ்டன்கள் இருந்ததில் ஆச்சரியமில்லை. பழைய டின்களை அச்சாக வைத்து அவரே வார்த்தவை. அலுமினியம் வார்ப்பதில் முதல் எதிரி ஈரம். அச்சில், கரண்டியில், பழைய உலோகத் துண்டில் எங்கே ஈரம் இருந்தாலும் உருகிய அலுமினியம் ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொள்ளும். ஆறும்போது குண்டூசித் துளைகளாக வெளியே விடும். வெளியே பார்த்தால் வழவழப்பாக இருக்கும், லேத்தில் ஏற்றிக் கடைந்த பிறகுதான் துளை தெரியும். அச்சு குளிர்ந்திருந்தால் இரண்டு பக்கமிருந்து வரும் உலோகம் ஒட்டாமல் கோடு விழும். பிஸ்டனின் தலைப்பகுதி தடிமன் என்பதால் கடைசியில் ஆறும். சுருக்கத்தை ஈடுகட்ட மேலே கூடுதல் உலோகம் நிற்காவிட்டால் அங்கேயே குழி விழுந்துவிடும்.

நல்ல வார்ப்பு கிடைத்தாலும் இடைவெளிக் கணக்கு பாக்கி. 80 மி.மீ. பிஸ்டன் என்று வைத்துக்கொள்வோம். தலை 200 டிகிரி சூடேறினால் 0.37 மி.மீ. விரியும், அதற்குள் 100 டிகிரி ஏறும் வார்ப்பிரும்பு சிலிண்டர் 0.09 மி.மீ. மட்டுமே விரியும். அதனால் தலைப்பக்கத்தை ஒடுக்கியும், அதிகம் சூடேறாத கீழ்ப்பக்கத்தை அகலமாகவும் கடைய வேண்டும். இடைவெளி குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், கூடினால் பிஸ்டன் ஆடி, அதன் வளையங்கள் உட்காரும் காடிகள் விரிசல் விடும். இதற்கான அளவுகளை மன்றோ எடுத்தது பழைய ஸ்போக் கம்பியால் செய்த அளவியை வைத்து.

பிஸ்டனையும் அது சுழற்றும் கிரேங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடு பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், பொறுமையைச் சோதிப்பது அதுதான். எஞ்சின் சுற்று இருமடங்கானால் ராடை இழுக்கும் விசை நான்கு மடங்காகும். மன்றோ கேட்டர்பில்லர் டிராக்டரின் அச்சுத்தண்டிலிருந்து தன் ராடுகளைக் கையால் செதுக்கி எடுத்தார். இந்த வேலையில் அரம் போகும் திசை முக்கியம். ராடின் குறுக்கே ஒரு கீறல் விழுந்தால் போதும், ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். எனவே கடைசி அரமும் பாலிஷும் நீளவாக்கில்தான் ஓட வேண்டும். பிறகு கடினப்படுத்தித் திரும்பப் பதப்படுத்த வேண்டும். பதம் தப்பிக் கடினமாக நின்றால் கண்ணாடி மாதிரி முறியும். மென்மையாகப் போனால் நீண்டுகொடுத்து, பிஸ்டன் வால்வில் முட்டும். ராடு அறுந்தால் தனியாகப் போகாது, கிரேங்க் தண்டை மூடிய உறையான கிரேங்க் கேஸையும் உடைத்துக்கொண்டுதான் வெளியே வரும்.

சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோக மூவரிசைச் சங்கிலியும் பதினேழு தட்டு கிளட்சும் போட்டார்.

அடுத்தது கூடு. அலுமினியத் தகட்டைத் தட்டித்தட்டி வண்டியை முழுக்க மூடும் கூட்டைச் செய்தார், பிறகு ஃபைபர்கிளாஸுக்கு மாறினார். 184 மைல் சாத்தியமானதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் கூடு மூடிய வண்டிக்குப் புதிய வியாதி வரும். காற்று தள்ளும் மையம் எடையின் மையத்துக்கு முன்னால் விழுந்தால், சின்னப் பக்கக்காற்றும் மூக்கை வெளியே திருப்பிவிடும். வண்டி பாம்பு மாதிரி நெளியும். மருந்து, எடையை முன்னால் தள்ளுவதும் பின்னால் வால்துடுப்பு வைப்பதும். 1967-இலேயே ஒரு ஓட்டத்தின் நடுவில் இந்த ஆட்டம் பிடித்தது. வேகத்தைக் குறைக்க உடம்பை நிமிர்த்தினார்; காற்று கண்ணில் மாட்டியிருந்த கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போனது. பாதையைக் காட்ட உப்பில் வரைந்த கறுப்புக் கோட்டை விட்டு விலகி, கடைசியில் வண்டியைச் சாய்த்து இறக்கிச் சிராய்ப்போடு தப்பினார்.

இன்வெர்கார்கில் பக்கத்து ஓரெட்டி கடற்கரையில் சரியாக ஓடும் வண்டியை அப்படியே பான்வில் கொண்டுபோனால் ஓடாது. உப்புவெளி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,280 மீட்டர் உயரம். காற்று மெலிவு, அதனால் கலவையில் பெட்ரோலின் பங்கு கூடிவிடும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான ஜெட்டைச் சின்னதாகப் போட வேண்டும். ஒரு அளவு கூடுதலாகக் குறைத்துவிட்டால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். கலவை சரியா என்று பார்க்க, முழு வேகத்தில் போகும்போதே இக்னிஷனை அணைத்துக் கிளட்சைப் பிடித்து, நின்றதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்க வேண்டும். மெதுவாக ஓட்டித் திரும்பிவந்து பார்த்தால் பிளக் பொய் சொல்லும். உப்பு ஈரமாக இருந்தால் பின்சக்கரம் வழுக்கிச் சுற்றும். எஞ்சின் சுற்று கூடும், தரையில் வேகம் கூடாது. ஓட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் அலுமினியமும் போல்ட்டும் வெள்ளை பூத்து அரித்துவிடும்.

மன்றோவின் பான்வில் சாதனைகள் மூன்று. 1962-இல் 883 சிசி பிரிவில் 178.95 மைல். 1966-இல் 1000 சிசி பிரிவில் 168.07. 1967-இல் 1000 சிசிக்குக் கீழான பிரிவில் 183.59, இதற்கான தகுதி ஓட்டம் ஒன்றில் ஒருவழியாக 190.07 மைலும் ஓடியிருந்தார். சாதனைக்கு ஒருவழி வேகம் போதாது. போகும் திசை, வரும் திசை இரண்டின் சராசரிதான் செல்லும்.

அந்த 183.59-இல் ஒரு பிழை இருந்தது. பதிவேட்டின்படி வடக்கு நோக்கி 184.710, தெற்கு நோக்கி 183.463. இரண்டையும் கூட்டி வகுத்தால் 184.087 வரும். மகன் ஜான் இதைக் கவனித்துச் சொல்ல, அமெரிக்க மோட்டார்சைக்கிள் சங்கம் 2014-இல் எண்ணைத் திருத்தியது. மன்றோ 1978 ஜனவரியிலேயே காலமாகிவிட்டார்.