பூட்டியிருந்த வீடு

"பூட்டியிருந்தது, சார்" என்றுதான் முதலில் சொன்னாள். அத்தோடு நான் விட்டிருக்கலாம்.

கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு மாணவர்கள் வீடுகளை அளந்து வரைந்த அளவுப்படங்கள் சுவரில் ஒட்டப்பட்டிருந்தன. மும்பை தாராவியில் 90 அடி சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்து, ஐந்து பேர் குழு, பதினான்கு வீடுகள். பதின்மூன்று வீடுகளுக்குள் அடுப்பு, மோரி என்கிற கழுவுமிடம், மேல்தட்டுக்கு ஏறும் இரும்பு ஏணி, சுவரலமாரி என்று எல்லாம் வரையப்பட்டிருந்தன. ஒன்பதாவது வீடு மட்டும் வெறும் கட்டம். உள்ளே நாற்பத்தைந்து பாகைச் சாய்வில், மையால் நெருக்கமாக இழுத்த கோடுகள்.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர்கள் இருவர் என் பக்கத்தில் நின்றார்கள். "தெரிந்தவர்கள் யாரிடமாவது சாவி கேட்டிருக்கலாமே?" என்றேன். வகுப்பில் எப்போதும் பேசுவதுபோல் ஆங்கிலத்தில்தான் கேட்டேன். அவள் தமிழில் பதில் சொன்னாள்:

"கேட்டேன், சார். கொடுக்கவில்லை."

அந்த அறையில் அது புரிந்தது எங்கள் இருவருக்கு மட்டுமே. என்ன சொல்கிறாள் என்று தேர்வாளர் ஒருவர் கேட்டார். "சாவி கிடைக்கவில்லையாம்" என்று மொழிபெயர்த்தேன். அடுத்த தாளுக்கு நகர்ந்தோம்.

அது அவளுடைய வீடு. எனக்குத் தெரியும்.

தெரிந்துகொண்டே ஏன் கேட்டேன் என்பதற்கு என்னிடம் இரண்டு விடைகள் இருக்கின்றன. எதை நம்புவது என்பது அன்றன்றைய மனநிலையைப் பொறுத்தது. தேர்வாளர்கள் முன்னால் அவள் வீட்டையும் மற்ற வீடுகளைப் போலவே நடத்தினேன், கேட்காமல் விட்டிருந்தால்தான் அவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும் என்பது ஒன்று. விடுபட்ட அந்தக் கட்டம் எனக்கு எரிச்சலாக இருந்தது என்பது மற்றது. இருபதாண்டுகளாக அளவுப்படம் கற்றுத் தருகிறேன். ஒருவர் டேப்பின் நுனியைப் பிடிக்க வேண்டும், ஒருவர் படிக்க வேண்டும், ஒருவர் எழுத வேண்டும். நான்கு சுவர்களை அளந்தால் போதாது, மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். இல்லையென்றால் அறை கோணலாக இருப்பது படத்தில் தெரியாது. தாராவியில் நேர்மூலை உள்ள அறை அபூர்வம். ஒரு வீட்டை விட்டால் பக்கத்து வீட்டின் சுவர்க் கனமும் தப்பாகிவிடும். இதையெல்லாம் மாணவர்களிடம் அத்தனை முறை சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அதற்கு இரண்டு வாரம் முன்பு அவள் என் அறைக்கு வந்திருந்தாள். "சார், எனக்கு வேறு தெரு கொடுக்க முடியுமா? அந்தச் சந்தில்தான் எங்கள் வீடு" என்று கேட்டாள்.

"உனக்கு அங்கே எல்லோரையும் தெரியுமே. உன் குழுவுக்கு அது எவ்வளவு பெரிய பலம்" என்றேன்.

"அதனால்தான், சார்."

அவள் சொன்னது என் காதில் விழுந்தது. கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன். இந்தப் பெண் தன் தெருவைப் பற்றிப் பெருமைப்பட வேண்டும், அதை வரைபடமாகச் சுவரில் பார்க்கும்போது பெருமைப்படுவாள் என்று நினைத்தேன். தாராவிக்குப் பக்கத்து மாட்டுங்காவில் இரண்டு படுக்கையறை வீட்டில் வளர்ந்தவன் நான். தாராவித் தமிழர்களைப் பற்றிப் பேசும்போது நான் 'நம்மவர்கள்' என்றுதான் சொல்வேன். அந்தச் சொல்லை எந்த உரிமையில் சொன்னேன் என்று இப்போது யோசிக்கிறேன்.

அவள் அம்மா இரவில் மாவரைத்து, விடிவதற்கு முன்பே இட்லி அவித்துவிடுவார். அப்பா சைக்கிளில் எடுத்துப் போய் விற்பார். மாணவர்கள் டேப்போடு போன பத்து மணிதான் அந்த அம்மா சற்றுக் கண் மூடும் நேரம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்திருந்தால் மாலையில் போகச் சொல்லியிருப்பேன் என்று ஒருநாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிரச்சினை தூக்கம் மட்டும்தானா?

அந்தச் சந்துகளில் டேப் பிடித்து நுழைவது சின்ன விஷயமில்லை. 1976-இல் குடிசைகளைக் கணக்கெடுத்துப் புகைப்பட அட்டை கொடுத்த காலத்திலிருந்து, அளக்க வருகிறவர்கள் என்றால் அங்கே நம்பிக்கையும் பயமும் சேர்ந்தே வரும். குடிசைகளை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்தில், 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே குடியிருந்ததைக் காட்டினால் இலவச வீடு, காட்ட முடியாவிட்டால் இல்லை. ஏணி ஏறிப் போகும் மேல்தளத்தில் குடியிருப்பவர் கணக்கு வேறு. இந்த விதிகளையும் நான்தான் வகுப்பில் கற்பிக்கிறேன். இலவச வீட்டின் பரப்பு 225 சதுர அடியிலிருந்து 269 ஆனது, பிறகு 300 ஆனது என்று பலகையில் எழுதிப் போடுகிறேன். அப்படி எழுதும் கைதான் "சாவி கேட்டிருக்கலாமே" என்று கேட்ட பிறகு இருபதுக்கு இரண்டு மதிப்பெண் குறைத்தது. முழுமையில்லை என்பது காரணம். விதி எல்லோருக்கும் ஒன்றுதானே என்று அன்று நினைத்தேன்.

ஒன்றாக இருக்கவில்லை. அதே பருவத்தில் நவி மும்பையின் பேலாப்பூருக்குப் போயிருந்தோம், கட்டடக்கலைஞர் சார்ல்ஸ் கொரியா 1980களில் வடிவமைத்த குடியிருப்பைப் பார்க்க. முற்றங்களைச் சுற்றிக் கொத்துக் கொத்தாக வீடுகள். ஒரு வீட்டுக்காரர் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார். மாணவர்கள் அந்தக் கட்டத்தில் 'அனுமதி இல்லை' என்று எழுதினார்கள். நான் அரை மதிப்பெண்கூடக் குறைக்கவில்லை. குறைக்க வேண்டும் என்று தோன்றவேயில்லை.

அடுத்த ஆண்டு தாராவியை விட்டுவிட்டு மாட்டுங்காவின் 1930களின் அடுக்குமாடிகளைக் கொடுத்தேன். ஒரு பாட்டி பிள்ளைகளுக்குக் காபி கொடுத்தார். எல்லோர் வீட்டையும் அளந்தோம். சரியான முடிவு என்று நிம்மதியாக இருந்தேன். பருவ இறுதியில் ஒரு பையன், அவனும் தாராவிதான், "எங்கள் பக்கம் ஏன் சார் போகவில்லை? அளப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லையா?" என்று கேட்டான். அவனுக்கு நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்பது நினைவில்லை.

அவள் ஐந்தாண்டையும் முடித்துவிட்டாள். செய்முறைப் பயிற்சிக்கான கடிதத்தில் கையெழுத்து வாங்க வந்தபோது கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். "கொடுக்கவில்லை" என்றாயே, கொடுக்காதது அம்மாவா, நீயா? கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். "நன்றி, சார்" என்று போய்விட்டாள்.

அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. ஐம்பதில் ஒரு பங்கு அளவில் பத்துக்குப் பதினைந்தடி வீடு, தாளில் ஏறக்குறைய ஆறுக்கு ஒன்பது சென்டிமீட்டர். கோடுகள் ஒன்றுகூடக் கட்டத்தைத் தாண்டவில்லை. வீட்டின் உட்புறத்தை வரைந்திருந்தால் இதில் பாதி நேரம்தான் ஆகியிருக்கும். போன மாதம் விரித்துப் பார்த்தபோதுதான் கட்டத்துக்கு வெளியே கவனித்தேன். வாசற்படிக்குப் பக்கத்தில், மேலிருந்து பார்த்தால் தெரிவதுபோல் ஒரு சைக்கிள். கைப்பிடி, மணி, இருக்கை, பின்னால் கேரியரில் ஒரு வட்டம், அந்த வட்டத்தின் குறுக்கே மூடியை இறுக்கிக் கட்டிய ரப்பர் பட்டை. மற்ற பதின்மூன்று வாசல்களில் எதிலும் இவ்வளவு நுணுக்கமாக எதுவும் வரையப்படவில்லை.