மன்றத்துக்கு வந்த அரசுப் பணம்

"ஊர்ல பாதித் தெருவுக்கு ரோடு இல்ல. சனங்க கட்டுற வரியில உங்களுக்கு எதுக்கும்மா பாட்டும் கூத்தும்?"

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் மளிகைக்கடை அண்ணன் எழுந்து இப்படிக் கேட்டார். நான்தான் பொருளாளர். கையில் கணக்குத்தாள் இருந்தது, வாயில் பதில் வரவில்லை. அவர் கேட்டதில் தப்பே இல்லை. அங்கே சொல்ல விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் காரைக்குடிக்குப் பக்கம். மன்றம் இருப்பது ஒரு பழைய செட்டியார் வீட்டில். பங்காளிகள் சென்னையிலும் மலேசியாவிலுமாக இருக்கிறார்கள். அந்த வீட்டு ஆச்சி முகப்பையும் (முன்பகுதி) வளவையும் (உள்முற்றப் பகுதி) வாடகை வாங்காமல் எங்களுக்கு விட்டிருக்கிறார். சனி, ஞாயிறு பிள்ளைகளுக்குப் பாட்டு, வாரம் ஒரு நாள் பனையோலைக் கொட்டான் (கூடை) முடைய வகுப்பு, இரண்டு அலமாரி அளவுக்கு ஒரு நூலகம். சங்கமாகப் பதிவு செய்தது. இதில் யாருக்கும் லாபம் கிடையாது. மூன்று வருடத்துக்கு முன் ஓடு சரிந்து மழைத்தண்ணீர் புத்தக அலமாரிக்குள் இறங்கியபோதுதான் அரசிடம் நிதி கேட்டு எழுதினோம். இரண்டு தவணையாக நாலு லட்சம் தருவதாக ஆணை வந்தது.

பொதுக்காரியத்துக்கு வரி போடுவது இந்தப் பக்கத்துக்குப் புதுசில்லை. நகரத்தார் என்கிற இந்தச் செட்டியார் சமூகத்தில் கல்யாணமாகிவிட்டால் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பக் கணக்கு. புள்ளிக்கு இவ்வளவு என்று கோயிலுக்கு வரி கட்டுவார்கள். வியாபாரத்தில் மகமை என்று தனியாக எடுத்துவைப்பார்கள். கோயில், ஊருணி, பாடசாலை, காசியில் சத்திரம் என்று எல்லாம் இப்படிச் சேர்ந்த காசுதான். நான் கூட்டுறவு வங்கியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஐந்தொகைக் கணக்கு போடச் சொல்லிக்கொடுத்த பெரியவரின் அப்பா, இரங்கூனில் ஒரு கடையில் பொறுப்பாளருக்கு உதவியான அடுத்தாளாக இருந்தவர். "ஒரு காசு இடிச்சாலும் ராத்திரி தூங்கக் கூடாதும்மா" என்பார். இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வராது.

ஆனால் புள்ளி வரியில், கட்டியவர்களுக்குத்தான் பேச்சு உண்டு. அரசுப் பணம் அப்படி இல்லை. கடையில் ஒரு சோப்புக் கட்டி வாங்குகிற ஆளும் வரி கட்டித்தான் வாங்குகிறார். அப்படியானால் அந்த நாலு லட்சத்தில் பேச்சு இல்லாதவர் இந்த ஊரில் யாரும் கிடையாது. கதவைத் திறந்து வைக்க முடியாத மன்றம் அந்தக் காசைத் தொடவே கூடாது. இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

அதை எனக்குப் புரியவைத்தவர் ஊருணிக்கு அந்தப் பக்கம் இருக்கிற நையாண்டி மேளத் தவில்காரர். நிதி ஆணையில், சாதி மதம் பாராமல் எல்லாரும் பயன்படுத்த விட வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்தபோது எங்களுக்கு என்ன என்று நினைத்தேன். நாங்கள் யாரையும் தடுத்ததில்லையே. ஆனால் ஊருணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளைகூட வந்ததில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. ஆணையின் நகலை வாசலில் ஒட்டிய வாரம், அவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து திண்ணைக்குக் கீழேயே நின்றார். செருப்பு கையில் இருந்தது.

"உள்ள வரலாங்களா? பிள்ளை பாட்டுப் படிக்கணுங்குது."

கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்று முப்பது வருடமாக இந்த வீட்டு வாசலில் வாசித்திருக்கிறாராம். நிலையைத் தாண்டியதில்லை. உள்ளே வந்ததும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் மேல் காலை மெதுவாக வைத்தார். பர்மாத் தேக்குத் தூணுக்குப் பக்கத்தில் போய், விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டார். "வைரம் பாஞ்ச கட்டைங்க" என்றார். அந்தத் தூணை நான் இத்தனை வருடமாகத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், ஒரு நாளும் தட்டிப் பார்த்ததில்லை.

சரி, ரோடு? ரோட்டுக்கு வேறு தலைப்பில் பணம் வருகிறது, எங்களுக்குக் கொடுக்காவிட்டால் அது தாராக மாறிவிடாது. அறிவுக்கு வரி கட்டுவதும் நமக்குப் பழக்கம்தான். 1948-இல் பொது நூலகச் சட்டம் வந்ததிலிருந்து வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். காரைக்குடியில் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் எப்படி வந்தது? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் திறந்தார்கள். அன்றிலிருந்து நடத்துவது அரசு. கொடையாளி தொடங்கிவைத்ததைப் பொதுப்பணம் காப்பாற்றுகிறது.

காப்பாற்ற ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கோட்டையூர் போதும். ரோஜா முத்தையா ஆயுள் முழுக்கச் சேர்த்த தமிழ் நூல்களும் பத்திரிகைகளும் அங்கேதான் இருந்தன. 1992-இல் அவர் காலமானார். அதற்குப் பிறகு அந்தச் சேகரிப்பை வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். இன்று அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நன்றாக இருக்கிறது, அந்த மட்டும் சந்தோஷம். ஆனால் பக்கத்து ஊரில் இருந்ததைப் பார்க்க எங்கள் பிள்ளைகள் ராத்திரி ரயில் ஏற வேண்டியிருக்கிறது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

பணம் வந்த விதத்தில் எனக்குப் பெரிய மனக்குறை உண்டு. முதல் தவணை வங்கியில் ஏறியது மார்ச் 27. 31-க்குள் செலவழித்துக் கணக்குக் காட்டுங்கள், இல்லையென்றால் திருப்பிக் கட்டுங்கள் என்று போனில் சொன்னார்கள். நாலு நாளில் எந்தக் கொத்தனார் நாட்டு ஓடு வேய்வார்? "பில்லு மட்டும் வாங்கி வச்சிருங்கம்மா, வேலைய அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஒருவர் யோசனை சொன்னார். பொய் பில்லில் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஓட்டுக்கும் மரத்துக்கும் கொடுத்தது போக மீதி 62,000 ரூபாயைத் திருப்பிக் கட்டி, மறுபடி விண்ணப்பம் எழுதினோம். இரண்டாம் தவணை வர பதினோரு மாதம். அதுவரை ஆசாரிக்கும் கொத்தனாருக்கும் கூலி, ஆச்சி கொடுத்த கைமாற்றில்தான் ஓடியது. ஒழுங்காகக் கணக்கு வைப்பவரை இப்படி ஓடவிட்டால், நாளைக்கு யார் உண்மையான பில் வாங்குவார்கள்?

ஆனாலும், கொடுத்த பணத்தை அதற்கே செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்பதை நான் குறை சொல்ல மாட்டேன். கேட்கத்தான் வேண்டும். கணிசமாக அரசு நிதி வாங்கும் தொண்டு நிறுவனங்களும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எங்கள் சின்னத் தொகை கணிசத்தில் சேருமா சேராதா என்று நான் வாதாடப் போவதில்லை. யாரும் மனுப் போட வேண்டாம், நேரே வந்து பாருங்கள் என்று வரவு செலவை முழுசாக அச்சடித்து முகப்புச் சுவரில் ஒட்டிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை கடையைப் பையனிடம் விட்டுவிட்டு அண்ணன் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார். ஆணிக்கு 1,140 ரூபாயா என்றார். பில்லை எடுத்துக் காட்டினேன். திருப்பிக் கட்டிய 62,000-க்கு ரசீது கேட்டார், அதையும் காட்டினேன். அப்புறம் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஊருணித் தெரு ரோட்டுக்கு மனு. அவர் கையெழுத்து மட்டும் இருந்தது.

அடுத்ததாக நான் போட்டேன். மகளைக் கூட்டிப்போக வந்த தவில்காரர் எனக்குக் கீழே போட்டார். மனு இப்போது முகப்பில், கணக்குத்தாளுக்குப் பக்கத்தில் பேனாவோடு தொங்குகிறது. நேற்று இரவு வரை 43 கையெழுத்து.