பெயருக்குப் பதில் எண்

பால்டிகா பியரில் எனக்கு ரொம்பப் பிடித்ததே அந்த எண்கள்தான். 1990இல், சோவியத் காலத்தின் கடைசியில், லெனின்கிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) தொடங்கிய ஆலை, பின்னாளில் ரஷ்யாவின் மிகப் பெரிய பியர் நிறுவனமாகவே வளர்ந்துவிட்டது. எண்ணைச் சொன்னால் போதும்: 0 என்றால் ஆல்கஹால் இல்லாதது, 3 சாதாரண லாகர் (வெளிர் நிற பியர்), 8 கோதுமை பியர், 9 நல்ல ஸ்ட்ராங். என் ஓட்டு 6க்குத்தான். போர்ட்டர் என்ற கருப்பு பியர், வறுத்த மால்ட் (முளைகட்டிய பார்லி) வாசனை, 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து பீட்டர்ஸ்பர்க் அரசவைக்குக் கப்பலேறிய அடர்த்தியான பியர்களின் வழிவந்தது அது. அப்புறம் ஆலை டென்மார்க்கின் பியர் நிறுவனமான கார்ல்ஸ்பெர்க் கைக்குப் போனது, 2023 ஜூலையில் ரஷ்ய அரசு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. யார் கைக்குப் போனாலும் சரி, அந்த 6ஐ மட்டும் நிறுத்திவிடக் கூடாது.