எத்தனை ஆத்துமாக்கள் என்று கேட்டுவிட்டேன்

அல்பேனியாவின் தலைநகர் டிரானாவிலிருந்து வடக்கே ஷ்கோதர் நகரத்துக்குப் போகும் வேனை அங்கே ஃபுர்கோன் என்கிறார்கள். நம்ம ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி, ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், இரண்டு மணி நேரப் பயணம். என் பக்கத்தில் எங்களை அழைத்துப் போன அல்பேனியப் பாஸ்டர் உட்கார்ந்திருந்தார். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். கல்லூரியில் படிக்கும்போது ஒரு புதிய ஏற்பாடு கைக்குக் கிடைத்து, அதை வாசித்து விசுவாசத்துக்கு வந்தவர்.

நான் பாளையங்கோட்டைக்காரன். ஊழியக்காரர் யாரைப் பார்த்தாலும் எங்கள் பக்கம் முதலில் கேட்கிற கேள்வி எனக்கும் வாயில் தயாராக இருந்தது. "உங்கள் சபையில் எத்தனை ஆத்துமாக்கள், பாஸ்டர்?"

அவர் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்போது ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் வருவார்கள். 1992இல் முந்நூறு பேர் வந்தார்கள்" என்றார். அப்போது நாடே பசியில் கிடந்தது. வெளிநாட்டுக் குழுக்கள் மாவும் எண்ணெயும் துணியும் கொண்டுவந்தன. கூட்டத்தில் கைதூக்கி ஜெபித்தவர்களில் பலர் அப்புறம் இத்தாலிக்கும் கிரேக்கத்துக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். "அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த மாவில் சுட்ட ரொட்டியை நானும்தான் சாப்பிட்டேன்" என்றார். அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு நான் யாரிடமும் கேட்கவில்லை.

ஷ்கோதரில் அவர் எங்களை முதலில் கூட்டிப்போனது பிரான்சிஸ்கன் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் பழைய கட்டடம் ஒன்றுக்கு. கம்யூனிஸ்ட் ஆட்சியில் ரகசியப் போலீஸ் அதைப் பிடுங்கி விசாரணைக் கொட்டடி ஆக்கியிருந்தது. இன்று அது நினைவகம். இருண்ட நடையின் இருபுறமும் சின்னச் சின்ன அறைகள். கை நீட்டினால் எதிர்ச்சுவர் தட்டும். உள்ளே கிடந்தவர்கள் சுவரைக் கீறி எழுதியது இன்னும் அழியவில்லை. ஓர் அறைக்குள் போன நான் சீக்கிரம் வெளியே வந்துவிட்டேன். பாஸ்டர் உள்ளேயே நின்றுகொண்டிருந்தார்.

1967இல் கம்யூனிஸ்ட் தலைவர் என்வர் ஹோஜாவின் அரசு இங்கே மதத்தையே தடைசெய்தது. பள்ளிவாசல், தேவாலயம், மடம் என்று இரண்டாயிரத்துக்கும் மேல் மூடினார்கள். ஷ்கோதர் கதீட்ரல் விளையாட்டு அரங்கம் ஆனது. எந்த மதத்தையும் அரசு ஏற்காது என்று 1976 அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். அதற்கு முந்தைய வருடம் வந்த ஓர் ஆணை, மத வாடை அடிக்கும் பெயர்களைக்கூட மாற்றச் சொன்னது. ஷ்த்யெஃபென் குர்த்தி என்ற பாதிரியாரை 1971இல் சுட்டுக் கொன்றார்கள். ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார் என்பதுதான் குற்றம்.

மறுநாள் காலை ர்ரமாய் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தோம். 26 வருடம் சிறையில் இருந்த சிமோன் யுபானி என்ற பாதிரியார், 1990 நவம்பர் 4 அன்று இங்கேதான் வெளிப்படையாகத் திருப்பலி வைத்தார். கல்லறைகளுக்கு நடுவே ஆயிரக்கணக்கானோர் நின்றார்கள். முஸ்லிம்களும் வந்து கூட நின்றார்கள். அதே மாதம் 16ஆம் தேதி, இதே ஊரில் ஈயப் பள்ளிவாசல் என்று அழைக்கப்படும் பழைய மசூதியில் ஹாஃபிஸ் சப்ரி கோச்சி தொழுகை நடத்தினார். அவரும் இருபது வருடத்துக்கு மேல் சிறையில் கிடந்தவர். அங்கே கிறிஸ்தவர்கள் போய் நின்றார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையையும் இந்த வெள்ளிக்கிழமையையும் தெரிந்துகொள்ளாமல் அல்பேனியாவுக்கு ஊழியம் செய்ய யாரும் வரக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. நம் சபைகளில் "முஸ்லிம் தேசம்" என்று ஜெபக்குறிப்பில் ஒரு வரி போட்டு முடித்துவிடுகிறோம். சுவிசேஷத்தோடு வருகிறவன் இங்கே சந்திப்பது குர்ஆனைக் கரைத்துக் குடித்தவர்களை அல்ல. கடவுள் என்ற பேச்சே 23 வருடம் குற்றமாக இருந்த வீடுகளைத்தான் சந்திக்கிறான்.

அப்படி ஒரு வீட்டுக்கு அன்று மாலை போனோம். பாஸ்டரின் அம்மா வீடு. எண்பதை நெருங்கும் வயது. வாசலில் செருப்பைக் கழற்றியதும் ஆளுக்கொரு ஜோடி வீட்டுச் செருப்பு கொடுத்தார். சின்னக் கிண்ணத்தில் கெட்டியான துருக்கிக் காபி, பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர், தட்டில் பக்லவா. மகன் பாஸ்டர் ஆன பிறகும் பைராம் பெருநாளுக்குத் தவறாமல் வந்து இந்தத் தட்டில் சாப்பிடுகிறாராம். "நாங்கள் முஸ்லிம்கள்" என்று அம்மா சொன்னார். ஆனால் தொழத் தெரியாது. சொல்லித்தர ஆளில்லை.

அந்த அம்மாவின் அப்பா நோன்பு பிடிப்பவர். ரமலான் மாதத்தில் தொழிற்சாலையில் நண்பகல் நேரம் ரொட்டியைக் கையில் கொடுத்து, தின்கிறாரா என்று பார்ப்பார்களாம். அவர் தின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுவாராம். வீட்டில் என்ன நடக்கிறது என்று பள்ளியில் குழந்தைகளிடம் கேட்பார்கள் என்பதால், பிள்ளைகள் காதில் எதுவும் விழாமல் பார்த்துக்கொண்டார்கள்.

மகன் கிறிஸ்தவன் ஆனபோது கோபம் வரவில்லையா என்று கேட்டேன். பாஸ்டர் மொழிபெயர்த்தார். அம்மா காபிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "அக்கம்பக்கத்தார் பேசினார்கள். எனக்கும் வருத்தம்தான். ஆனால் என் அப்பாவுக்குப் பிறகு இந்த வீட்டில் கடவுளைப் பற்றிப் பேசிய ஆள் இவன்தான்."

இதை மொழிபெயர்த்த பிறகு பாஸ்டர் எழுந்து சமையலறைப் பக்கம் போய்விட்டார்.

கிளம்பும்போது, முழங்கால் வலிக்காக ஜெபிக்கலாமா என்று அம்மாவைக் கேட்டேன். அவர் தலையை இடவலமாக ஆட்டினார். வேண்டாம் என்கிறார் என்று நினைத்து எழுந்துவிட்டேன். பாஸ்டர் என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். அங்கே "சரி" என்பதற்குத்தான் அப்படி ஆட்டுவார்கள். என் மொழியிலேயே ஜெபிக்கச் சொன்னார் அம்மா. தமிழில் ஜெபித்தேன். முடியும்வரை இடவலமாக ஆட்டிக்கொண்டே இருந்தார்.

திரும்பும் வண்டியில், ஊருக்கு அனுப்ப வேண்டிய ஜெபக்குறிப்பு நோட்டைத் திறந்தேன். வழக்கமாக எண்ணிக்கை எழுதும் இடத்தில், "ஷ்கோதர் அம்மாவின் முழங்கால்" என்று எழுதினேன்.