எஸ்க்யூஎல் எக்ஸாம்ல டெக்ஸ்ட்டை நம்பரா மாத்துற கேள்வி: நான் கோட்டை விட்ட இடம்

டேட்டாபேஸ் லேப் எக்ஸாமுக்கு ரெடி ஆகுறவங்க, இன்டர்வியூக்கு எஸ்க்யூஎல் டெஸ்ட் எழுதப் போறவங்க எல்லாரும் இதை ஒரு தடவை படிச்சுட்டு போங்க, இந்த ஒரு விஷயத்துல எனக்கு மார்க் போச்சு, உங்களுக்கும் போகக் கூடாது.

கேள்வி சிம்பிள் தான். ஸ்டூடன்ட் டேபிள்ல டாப் மார்க் எது, ஆவரேஜ் எவ்வளவு. மேக்ஸ் போட்டேன், 'ஏபி'னு வந்துச்சு, அதாவது ஆப்சென்ட். சரி இதை மட்டும் தூக்கிட்டா போதும்னு வேர் கண்டிஷன்ல கழிச்சுட்டு திரும்ப ஓட்டினேன், 98 வந்துச்சு, பார்க்க சரியா இருக்கவே அப்படியே எழுதிட்டேன். ஆனா அந்த டேபிள்ல 100 வாங்கினவங்க ஒருத்தர் இருந்தாங்க.

மார்க் ஃபீல்டு வார்சார், அதாவது டெக்ஸ்ட் டைப், அது தான் காரணம். டெக்ஸ்ட்னா டேட்டாபேஸ் டிக்‌ஷனரி மாதிரி இடது பக்கத்துல இருந்து ஒவ்வொரு எழுத்தா தான் ஒப்பிடும், 98ல முதல் எழுத்து 9, 100ல 1, அங்கயே முடிவு ஆயிடும். ஆர்டர் பை போட்டாலும் 1, 10, 100, 2ன்னு தான் வரும். அதனால கேள்வித்தாள் கையில வந்ததும் முதல்ல டிஸ்க்ரைப் போட்டு ஃபீல்டு டைப் பாருங்க, க்வெரி எல்லாம் அப்புறம்.

ஆவரேஜ்ல இன்னொரு அடி. மைஎஸ்க்யூஎல்ங்கிற டேட்டாபேஸ் 'ஏபி'யை சத்தமே இல்லாம 0ன்னு எடுத்துக்கும், காஸ்ட் பண்ணாலும், அதாவது நாமளே நம்பரா மாத்தச் சொன்னாலும், வார்னிங் மட்டும் தான், எரர் வராது. 100, 80, ஏபி மூணும் இருந்தா ஆவரேஜ் 60ன்னு வரும், ஆனா வராதவங்களை விட்டுட்டு கணக்கு போட்டா 90. ஆப்சென்ட்டை ஜீரோவா எடுக்கணுமா வேண்டாமாங்கிறதை கேள்வி தான் சொல்லணும், மைஎஸ்க்யூஎல் முடிவு பண்ணக் கூடாது. ரெகெக்ஸ்பி (டெக்ஸ்ட் எந்த வடிவத்துல இருக்குன்னு பார்க்கிறது) வச்சு வெறும் எண்ணா இருந்தா மட்டும் காஸ்ட் பண்ற மாதிரி கேஸ் எழுதுங்க, எல்ஸ் வேண்டாம், மத்தது நல் (மதிப்பே இல்லைன்னு அர்த்தம்) ஆயிடும், ஆவரேஜ் நல்லை கணக்குலயே சேர்க்காது. இன்னொன்னு, மைஎஸ்க்யூஎல்ல காஸ்ட்டுக்குள்ள இன்ட்னு போட்டா ஏத்துக்காது, சைன்டு (மைனஸும் வரலாம்) இல்லன்னா அன்சைன்டு (மைனஸ் கிடையாது) தான்.

எந்த டேட்டாபேஸ்னு கேள்வியில பார்க்காம பதில் எழுதாதீங்க, ஒவ்வொன்னும் ஒரு மாதிரி நடந்துக்கும். போஸ்ட்கிரஸ் கறார், 'ஏபி'யோ காலி டெக்ஸ்ட்டோ இருந்தா எரர் அடிச்சு நிறுத்திடும், எனக்கு இது தான் பிடிக்கும், தப்பான பதிலுக்கு எரர் எவ்வளவோ மேல். ஆரக்கிள்ல நம்பரா மாத்துறதுக்கு டூ நம்பர், காலி டெக்ஸ்ட்டை அது நல்னே எடுத்துக்கும். எஸ்க்யூஎல் சர்வர்ல காலி டெக்ஸ்ட்டை இன்ட் ஆக்கினா 0 வரும், டெசிமல் ஆக்கினா எரர். நம்பரா இல்லையான்னு பார்க்க அங்க இருக்கிற இஸ்நியூமரிக்கை நம்பி எழுதாதீங்க, வெறும் டாலர் குறி இருந்தாலே அது 1ன்னு சொல்லும், 2012 வெர்ஷன்ல இருந்து ட்ரை காஸ்ட் இருக்கு, மாத்த முடியலன்னா நல் தரும்.

அவுட்புட் என்னன்னு கேக்குற கேள்வியில கமாவும் புள்ளியும் தான் பொறி. '1,250'ஐ மைஎஸ்க்யூஎல்ல சைன்டு ஆக்கினா 1 தான் வரும், கமா வந்த இடத்துல நின்னுடும், முதல்ல ரிப்ளேஸ் போட்டு கமாவை எடுக்கணும். '12.75'ஐ வெறும் டெசிமல்னு காஸ்ட் பண்ணா மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர் ரெண்டுலயும் 13, ஏன்னா எதுவும் சொல்லலன்னா புள்ளிக்கு அப்புறம் 0 இடம்னு எடுத்துக்கும், 10 கமா 2ன்னு அடைப்புக்குள்ள குடுத்தா தான் 12.75 நிக்கும்.

போன் நம்பரை மாத்தவே மாத்தாதீங்க. இன்ட்டோட எல்லை 2,147,483,647, 9ல ஆரம்பிக்கிற பத்து இலக்க நம்பர் அதுல அடங்காது, முன்னாடி 0 இருந்தா அதுவும் போயிடும். கூட்டவோ கழிக்கவோ போறதில்லன்னா அது டெக்ஸ்ட்டாவே இருக்கட்டும்.

பிராக்டிஸுக்கு ஏழே வரி போதும், ஒரு டேபிள்ல 100, 9, ரெண்டு பக்கமும் ஸ்பேஸோட 45, காலி டெக்ஸ்ட், 1,250, 12.75, ஏபி இந்த ஏழையும் வார்சாரா போட்டு, ஒவ்வொன்னுக்கும் என்ன வரும்னு முதல்ல பேப்பர்ல எழுதிட்டு அப்புறம் ஓட்டுங்க. மைஎஸ்க்யூஎல்னா ஓட்டின கையோட ஷோ வார்னிங்ஸ் போட்டு பாருங்க, அது எந்தெந்த வரியை வெட்டிட்டு உங்களுக்கு நம்பர் குடுத்துச்சுன்னு அங்க தான் தெரியும்.