இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைத்த கதை

உதவியாளனாகச் சேர்ந்த போட்டோ ஸ்டுடியோவில் வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர் ஒரே ஒன்றுதான் இருந்தது. ஒளியை உணரக் காட்மியம் சல்ஃபைடு செல் வைத்த, முள் அசையும் பழைய மீட்டர். சார் அதை யார் கையிலும் கொடுக்க மாட்டார். வெயிலில் நின்று ஒரு பார்வை பார்ப்பார், “இருநூத்தம்பது, எட்டுக்கும் பதினொண்ணுக்கும் நடுவுல வைப்பா” என்பார். ஷட்டர் 1/250 நொடி, ஒளி நுழையும் துளை எஃப் 8க்கும் 11க்கும் நடுவில் என்று அர்த்தம். நான் லென்ஸில் வைப்பேன். ஸ்லைடு ஃபிலிம், பிரிண்ட் போடாமல் அதையே படமாகப் பார்ப்பது; ஒளியை உணரும் வேகம் 50 ஐஎஸ்ஓ. லேபிலிருந்து வந்ததும் லைட் பாக்ஸில் பரப்பினால் நிறங்கள் அப்படியே நிற்கும்.

ஸ்லைடில் வேலை செய்தவர்களுக்கு அந்தப் பயம் தெரியும். கலர் நெகட்டிவ் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) கூடுதல் வெளிச்சத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளும். மீதியைப் பிரிண்டில் சரிசெய்துவிடலாம். ஸ்லைடில் அரை ஸ்டாப் தவறினாலே கண்ணுக்குத் தெரியும். வெள்ளைத் துணியின் நெசவு ஒருமுறை கரைந்துபோனால் போனதுதான்.

பிறகு புது மீட்டர் ஒன்று வாங்கினோம். சிலிக்கான் செல், டிஜிட்டல், ஃபிளாஷையும் அளக்கும். வெளியில் அதை நம்பி எடுத்த முதல் ரோல் முழுவதும் வெளுத்து வந்தது. சார் கோபப்படவில்லை. “புதுசு சரியில்லப்பா, பழசே இருக்கட்டும்” என்று மட்டும் சொன்னார். எனக்கு மனம் ஆறவில்லை. அதை வாங்கச் சொன்னவன் நான்.

ஒரு நாள் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஒரே நிறச் சுவர் முன் நின்றேன். வானம் உள்ளே வராமல், என் நிழல் விழாமல், இரண்டிலும் பட்டுத் திரும்பும் ஒளியையே அளந்தேன். ஒன்றில் விழும் ஒளியையும் மற்றதில் திரும்பும் ஒளியையும் அளந்து ஒப்பிடுவது வீண்வேலை; சுவரின் நிறமே கணக்கைக் கெடுத்துவிடும். வித்தியாசம் மூன்றில் இரண்டு ஸ்டாப். மீட்டரைச் சரிபார்க்க வைக்கும் அளவீட்டு மாறிலி என்ற எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பது உண்மைதான். செகோனிக் 12.5 வைக்கிறது, மினோல்டாவும் பென்டாக்ஸும் 14 வைத்தன. ஆனால் அதனால் வருவது ஆறில் ஒரு பங்கு ஸ்டாப்தான், ஸ்லைடிலும் கண்ணுக்குப் படாது. இது வேறு ஏதோ.

மேகமில்லாத உச்சி வெயிலுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: எஃப் 16 வைத்து, ஐஎஸ்ஓ எண்ணையே ஷட்டராக வை. 100 ஐஎஸ்ஓவுக்கு அதற்கு நெருங்கிய 1/125 நொடி, அதாவது வெளிச்சத்தைக் குறிக்கும் எண்ணில் ஈவி 15. அந்த வெயிலில் விழும் ஒளியை அளந்து பார்த்தேன். புது மீட்டர் சரியாக 15 காட்டியது. படங்களோ பழைய மீட்டர் பக்கம் சாட்சி சொல்லின. சில வாரங்கள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வழி காட்டியது உள்ளே ஃபிளாஷில் எடுத்த ஸ்லைடுகள். புது மீட்டரால் அளந்தவைதான், ஆனால் அவை கச்சிதமாக இருந்தன. அதே லென்ஸ், அதே ஃபிலிம். ஃபிளாஷில் எக்ஸ்போஷரைத் தீர்மானிப்பது ஃபிளாஷ் மின்னும் நேரம். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் பெரிதாக மாறாது. வெயிலில் மட்டும் வெளுக்கிறது என்றால் சந்தேகம் ஷட்டர் மேல்தான். எங்கள் கேமராவில் ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் இதழ்கள் திறந்து மூடும் தனித்தனி லீஃப் ஷட்டர். வேறு லென்ஸ் மாட்டி வெயிலில் எடுத்தேன், ஸ்லைடு சரியாக வந்தது. பழுது பார்ப்பவர் கருவியில் வைத்துக் காட்டினார்: 1/250 என்று நாங்கள் வைத்தது 1/160க்கு அருகில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றில் இரண்டு ஸ்டாப்.

அப்படியானால் பழைய மீட்டர் எப்படி இத்தனை நாள் சரியாகச் சொன்னது? அதன் பேட்டரி அறையைத் திறந்து பார்த்தபோதுதான் விளங்கியது. அது 1.35 வோல்ட் மெர்குரி பேட்டரிக்காகச் செய்தது. அந்த பேட்டரிகள் 1990களில் பல நாடுகளில் தடைசெய்யப்பட, அளவு பொருந்துகிறதே என்று யாரோ 1.5 வோல்ட் அல்கலைன் போட்டிருக்கிறார்கள். மின்னழுத்தத்தைச் சமன் செய்யும் சர்க்யூட் உள்ளே கிடையாது. முள் கூடுதலாக ஏறும், இருப்பதைவிட வெளிச்சம் அதிகம் என்று காட்டும், நாமும் எக்ஸ்போஷரைக் குறைப்போம். மீட்டர் குறைத்ததை மெதுவான ஷட்டர் ஈடுகட்டியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து அழகான ஸ்லைடுகளைக் கொடுத்துக்கொண்டிருந்தன.

இன்னொன்றும் அன்று புரிந்தது. மெர்குரி பேட்டரி தீரும்வரை ஒரே அழுத்தத்தில் நிற்கும். அல்கலைன் மெல்ல மெல்ல இறங்கும். அதனால் பிழையின் அளவே மாதத்துக்கு மாதம் நகர்ந்திருக்கிறது. புது பேட்டரி போட்ட கையோடு ஸ்லைடுகள் கொஞ்சம் அடர்ந்து வருவதை நாங்கள் லேபின் கெமிக்கல் மேல் போட்டிருந்தோம். அந்த லேப்காரரிடம் நானே போய் விஷயத்தைச் சொன்னேன்.

சாரிடம் சொன்னபோது நீண்ட நேரம் பேசவில்லை. பழைய மீட்டரைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மத்த லென்ஸ் எல்லாத்தையும் எடுத்துட்டு வா” என்றார். அடுத்த வாரம் எல்லா ஷட்டரையும் அளக்கக் கொடுத்தோம். ஒவ்வொரு லென்ஸின் பக்கத்திலும் சின்ன டேப் ஒட்டி, எழுதியிருக்கும் வேகத்துக்கு எதிரே உண்மையான வேகத்தை சாரே தன் கையெழுத்தில் எழுதினார்.